கதம்பைச் சாம்பலின் தெளிநீர்

அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் எனக்குச் ‘சோற்றை எரிக்கிறவன்’ என்று ஒரு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நோயாளிகளின் வீட்டுப் பெண்கள் சமைக்கும் கொட்டகைப் பக்கம் நான் போனால் பேச்சைத் தாழ்த்துவார்கள். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பெயரில் பொய் இல்லை. ஒரு நோயாளி சாப்பிடும் அதே அளவு கஞ்சி, அதே அளவு துவரன் கறி, அதே அளவு மோர் இன்னொரு தட்டில் எனக்கு வரும். அதை உலர்த்தி, பீங்கான் மூசையில் போட்டு, வெள்ளைச் சாம்பலாகும் வரை எரிப்பேன். சாம்பலை அமிலத்தில் கரைத்து, அதில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பேன். அந்த நோயாளியின் உடம்பிலிருந்து வெளியேறுவதையும் ஒரு பொழுது விடாமல் சேர்த்து வாங்கி, அதிலும் எவ்வளவு என்று பார்ப்பேன். உள்ளே போனதைவிட வெளியே வந்தது கூடுதல் என்றால் உடம்பு தன் இருப்பிலிருந்து இழக்கிறது என்று அர்த்தம்.

ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, கிணற்றடியை ஒட்டி என்னுடைய பரிசோதனை அறை. டாக்டர் சென்னையில் படித்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். எனக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. நான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கம்பவுண்டர் என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

பொட்டாசியம் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் டாக்டருடையது. பல வருஷம் சுவாசப்பை கெட்டவர்களுக்குக் கடைசியில் இருதயமும் தளரும். காலும் வயிறும் வீங்கும். அந்த நீரை இறக்க அப்போது இருந்தது பாதரசம் சேர்ந்த ஓர் ஊசிதான். போட்ட அன்று சிறுநீர் நிறையப் போகும், வீக்கம் வற்றும், மூச்சு இலேசாகும். ஆனால் சிலர் வீக்கம் வற்றிய பிறகு துணிபோலத் துவண்டுவிடுவார்கள். கையைத் தூக்க முடியாது. நாடி தாறுமாறாக ஓடும். நீரோடு பொட்டாசியமும் சேர்ந்து போய்விடுவதால் அப்படி ஆகலாம் என்று டாக்டர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். “நம்மால அளக்க முடியுமா?” என்று என்னைக் கேட்டார். நல்ல தராசும் கொஞ்சம் ரசாயனமும் இருந்தால் முடியும் என்றேன்.

முறை பழையது. கோபால்ட் சேர்ந்த ஓர் உப்புக் கரைசலை விட்டால் பொட்டாசியம் மஞ்சள் பொடியாக அடியில் படியும். சிறுநீரையும் முதலில் வற்றவைத்து எரித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள அம்மோனியாவும் மஞ்சளாகப் படிந்து ஏமாற்றிவிடும். படிந்த பொடியைக் கழுவி, அமிலத்தில் சூடாக்கி, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எந்தச் சொட்டில் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்தவேண்டும். அவசரப்பட்டால் வராது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

மயிலாடியிலிருந்து சிலை கொத்தும் ஒரு கல் ஆசாரியார் வந்தது ஒரு வெயில் காலத்தில். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். சிறு வயது முதல் கல் தூளில் வாழ்ந்தவர். மாட்டு வண்டியிலிருந்து இறங்கி வார்டு வாசல் வரை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். மனைவி ஒரு கையில் அவரையும், மறு கையில் ஒரு முக்காலியையும் பிடித்திருந்தாள். முக்காலி எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் அதை அவர் மடிக்கு முன்னால் தூக்கி வைத்து, மேலே ஒரு தலையணையைப் போட்டாள். அவர் இரண்டு கைகளையும் அதில் மடக்கி, நெற்றியைக் கைமேல் சாய்த்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படி உட்கார்ந்துதான் தூக்கம். படுத்தால் மூச்சு அடைக்கும்.

டாக்டர் அவர் முதுகில் இடது கையை வைத்து, வலது விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஆசாரியார் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

“நாங்களும் கல்ல இப்பிடித்தான் தட்டிப் பாப்போம். சத்தம் எப்பிடி இருக்கு டாக்டரே?”

“கொஞ்சம் பொள்ளலாக் கேக்கு.”

“அப்பம் சிலைக்கு ஆகாது. அம்மிக்கு வேணும்னா பாக்கலாம்.”

சிரித்ததில் இருமல் வந்து, வெகுநேரம் நிற்கவில்லை. நின்ற பிறகு டாக்டர் கேட்டார், “ஒமக்கு இப்பம் முக்கியமா என்ன சரியாகணும்?”

“மல்லாந்து கெடந்து ஒறங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். அது போதும்.”

மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். “அதுக்குத்தான் இங்க கொண்டாந்தது,” என்றாள்.

அவள் சமைக்கும் விதத்தையும் பாத்திரம் வைத்திருக்கும் விதத்தையும் இரண்டு நாளிலேயே வார்டு முழுவதும் பேச ஆரம்பித்தது. கொட்டகையில் எல்லோருக்கும் பொதுவான அடுப்புகள். எரிப்பதெல்லாம் தேங்காய் மட்டையான கதம்பையும் காய்ந்த ஓலையும்தான். மற்றப் பெண்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவள் தன் அடுப்பின் சாம்பலை அள்ளி ஒரு சட்டியில் சேர்த்துவிடுவாள். அந்தச் சாம்பலையும் தேங்காய் நாரையும் கொண்டு அவள் தேய்த்துக் கவிழ்த்த போணிகளில் முகம் பார்க்கலாம். வெளியிலிருந்து வந்த எந்தப் பாத்திரத்தையும், ஆஸ்பத்திரித் தட்டாக இருந்தாலும், அவள் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் எடுக்கமாட்டாள்.

முதல் நாள் இரண்டாவது தட்டைக் கொண்டுவந்து என் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே மூசையில் முந்தைய நோயாளியின் கஞ்சி கருகிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, அன்னத்த எரிக்கது பாவம் இல்லியா?”

“எரிச்சாத்தான் அதுல இருக்கப்பட்ட உப்பு எவ்வளவுன்னு தெரியும்.”

“உப்பே போடாம கஞ்சி வைக்கச் சொன்னது நீங்கதானே. பெறவு எங்கேருந்து உப்பு வரும்?”

“இது வேற உப்பு. அரிசியிலயும் வாழக்காயிலயும் தானா உள்ளது. நாக்குக்குத் தெரியாது.”

“நாக்குக்குத் தெரியாத உப்பாக்கும்,” என்றாள். தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு அதை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து, இரண்டு தட்டிலும் பிரிப்பதற்கு முன்பே பானையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காக்கைக்கு வைத்தாள். எரிக்கப்போகிற அன்னத்துக்கு அது ஒரு பரிகாரம் என்று நினைக்கிறேன். அளவுக்கு அதனால் கேடு இல்லை.

சிறுநீருக்கு நாங்கள் கொடுத்தது பழுப்புக் கண்ணாடி ஜாடி. கெடாமல் இருக்க அதில் இரண்டு பரல் தைமால் போட்டுக் கொடுப்பேன். ஓமத்தின் வாசனை அடிக்கும். காலையில் நிறைந்த ஜாடியை எடுத்துப் போய் அளந்துவிட்டு, கழுவிய இன்னொன்றை அவர் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று இரண்டு பேரிடமும் பல தடவை சொல்லியிருந்தோம். அவர்கள் சிந்தவில்லை. ஒரு சொட்டும் சேரக்கூடாது என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கட்டிலில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர். கருவாட்டு வியாபாரி, கழுத்தில் சிலுவைக் கயிறு. இழுப்புக்காக வருஷத்தில் பாதி நாள் எங்களிடம்தான் இருப்பார். வாய் ஓயாது. ஆசாரியாரும் வாயில் குறைந்தவர் இல்லை. மூச்சு இடம் கொடுத்த நேரமெல்லாம் இருவருக்கும் போட்டிதான்.

ஒரு நாள் நான் ஜாடியை எடுக்கப் போனபோது வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “கம்பவுண்டரே, முப்பது வருசம் நா கருவாட்டுச் சந்தையில கெடந்தவன். சாக்குமேல தலைய வச்சி ஒறங்கினவன். எனக்க மூக்க ஆராலும் ஒண்ணும் பண்ண முடியல்ல. ஆசாரியாருக்க ஜாடி ஒடச்சிட்டு.”

“ஒடஞ்ச மூக்க மயிலாடிக்கு அனுப்பும் வே,” என்றார் ஆசாரியார், முக்காலியிலிருந்து தலையைத் தூக்காமலே. “புதுசு கொத்தித் தாறேன்.”

“கருங்கல்லுலயா?”

“ஒமக்குக் கருங்கல்லுதான் தாங்கும்.”

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆசாரியாரின் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு விரித்த பாயை மறுபடியும் மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்ததைப் பார்த்தேன். புருஷனுடைய மூத்திரத்தைப் பற்றி நாலு பேர் நடுவில் பேச்சு நடப்பதே அவளுக்குப் பெரிய மானக்கேடாக இருந்திருக்கும். நாற்றம் என்ற சொல் அவள் பாத்திரம் ஒன்றைப் பற்றி அதற்கு முன் வந்திருக்காது.

டாக்டர் போட்டுவந்த ஊசி வேலை செய்துகொண்டிருந்தது. முழங்கால் வரை இருந்த வீக்கம் கணுக்காலுக்கு இறங்கிற்று. முக்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்காரும் அளவுக்கு வந்தார். “இனி ரெண்டு தலையாணி. பெறவு ஒண்ணு. பெறவு வெறும் பாயி,” என்று விரல் மடக்கிச் சொன்னார்.

அப்போதுதான் என் மஞ்சள் படிவு கூடத் தொடங்கியது. அவர் சாப்பிட்டதில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வெளியே வந்தது. மறுமுறை செய்து பார்த்தேன். தராசைச் சரிபார்த்தேன். பெர்மாங்கனேட்டைப் புதிதாகக் கரைத்தேன். மாறவில்லை. டாக்டர் என் அறைக்கு வந்து குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இளைத்த மனிதர், தசை எல்லாம் வற்றிப்போனவர். தசையில்தான் பொட்டாசியம் இருக்கிறது. அவரிடம் இருப்பே கொஞ்சம். அதில் இவ்வளவு தினமும் போனால் இருதயம் ஒரு நாள் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. குழாயில் இருந்தது எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

ஊசியை நிறுத்துவதாக அவரே போய்ச் சொன்னார். மனைவிதான் கேட்டாள்.

“ஊசி போட்டப்பம் தானே வீக்கம் கொறஞ்சுது? அதையும் நிப்பாட்டினா?”

“ஊசி வீக்கத்த மட்டும் எறக்கல்லம்மா. அவருக்க பெலத்தையும் சேத்து எறக்குது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போம். கொறஞ்ச உப்புக்கு மருந்து தாறேன்.”

“அந்த நாக்குக்குத் தெரியாத உப்பா?” என்று என்னைப் பார்த்தாள்.

“அதேதான்.”

ஆனால் மருந்தாகக் கொடுத்தபோது அது நாக்குக்கு நன்றாகவே தெரிந்தது. ஆசாரியார் முகத்தைச் சுளித்து, “இது என்ன, கடலத் திளப்பிச்சி வத்த வச்சி எடுத்ததா?” என்றார். பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது: “எங்க கடல் இவ்வளவு மோசம் இல்ல வே.”

வீக்கம் திரும்ப ஏறிற்று. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. மூன்று தலையணைகள் போய் மறுபடியும் முக்காலி வந்தது. நாங்கள் கொடுத்த மருந்தின் அளவைக் கழித்தாலும் ஜாடியில் பொட்டாசியம் குறையவில்லை. ஊசியே இல்லாமல் எப்படிப் போகிறது என்று டாக்டருக்கு விளங்கவில்லை; எனக்கும் விளங்கவில்லை. அவர் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட்டார். நான் என் கையைச் சந்தேகப்பட்டேன். ஆசாரியாருக்குப் பேச்சு குறைந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னவர் நாலு மூச்சில் சொல்ல ஆரம்பித்தார். உதடு நாவல்பழம் தின்றவர்போல நீலமாக இருந்தது. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரத்தின் கடைசியில் ஒரு காலை, நான் நிறைந்த ஜாடியை எடுக்கக் குனிந்தேன். ஆசாரியார் முக்காலியில் கண் மூடிச் சாய்ந்திருந்தார். மனைவி கொட்டகையில் இருந்தாள். கருவாட்டு வியாபாரி, நோயாளியை எழுப்பாமல், மெதுவான குரலில் சொன்னார்:

“கம்பவுண்டரே, இப்பம் எனக்க மூக்குக்கு ஒரு சோலியும் இல்ல, பாத்தேளா. நா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். தங்கச்சி காரியமாட்டு எடுத்துக்கிட்டா. எல்லாம் அவளுக்க சாமர்த்தியம். சாம்ப வெள்ளம் ஊத்தி வைக்கால்லா.”

“எதுல?”

“அந்த ஜாடியிலதான். தெனமும் காலத்த, நீங்க வச்சிட்டுப் போன ஒடனே.”

ஜாடியைக் கையில் பிடித்தபடியே கொட்டகைக்குப் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். பெருமையாகக்கூடச் சொன்னாள்.

“ஆராருக்கோ வச்ச பாத்திரம் இல்லியா அண்ணாச்சி. நீங்க வெறும் வெள்ளத்துல அலசிக் கொண்டு வாறியோ. மனசு கேக்கல்ல. சாம்பல் போட்டு ஒரு தேய் தேச்சிருவேன். பெறவு வாடை வராம இருக்கட்டும்னு அரைச் சிரட்ட விட்டு வைப்பேன். தெளிஞ்ச வெள்ளந்தான். அழுக்கு ஒண்ணும் இல்ல.”

மூலையில் இருந்த சட்டியைக் காட்டினாள். அடியில் சாம்பல் படிந்து, மேலே இளம் தேயிலை நிறத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது. கதம்பைச் சாம்பலின் தெளிநீர். எங்கள் ஊரில் அழுக்குத் துணியை ஊறப்போடுவதும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதும் இதில்தான். விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும்.

“கொஞ்சம் தாருங்க,” என்றேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையத் தந்தாள்.

அறைக்கு வந்து ஒரு குழாயில் அதை ஊற்றி, அமிலம் விட்டேன். பொங்கி நுரைத்தது. நுரை அடங்கியதும் கோபால்ட் கரைசலை விட்டேன். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. விட்ட கணத்திலேயே குழாய் முழுவதும் மாம்பழச் சாறுபோல மஞ்சளாகிவிட்டது. அத்தனையும் சாம்பலில் இருந்த பொட்டாசியம். அவர் ஜாடியில் நான் தோய்த்துப் பார்த்த லிட்மஸ் தாள், காரம் கலந்ததுபோலத் தினமும் நீலமானதற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. சிறுநீர் வெயிலில் கெட்டுப்போய் அப்படி ஆகிறது என்றுதான் அதுவரை டாக்டரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் அந்தக் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. “அந்த அம்மாகிட்ட கோவிக்காண்டாம். இனி ஊத்தாண்டாம்னு மட்டும் சொல்லுங்க,” என்றார். எழுந்து நேரே வார்டுக்குப் போய்த் தன் கையாலேயே ஊசி போட்டார்.

நான் அவளிடம் சொன்னேன். கழுவவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். அது எங்கள் கணக்கைக் குழப்புகிறது. அவ்வளவுதான் சொன்னேன். “அப்பிடியா, தெரியாமப் போச்சே,” என்றாள். அன்று மாலை சட்டியைக் கொண்டுபோய் வேலிக்கு அப்பால் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

சுத்தமான ஜாடியில் அவர் உடம்பின் உண்மை தெரிந்தது. ஊசி போட்ட நாளில் பொட்டாசியம் கூடுதலாகப் போகத்தான் செய்தது. ஆனால் டாக்டர் பயந்த அளவில் ஒரு சிறு பங்குதான். அவர் தந்த மருந்தும் ஒரு வாழைப்பழமும் அதை ஈடுகட்டப் போதுமானவை. இருப்பே குறைந்துபோன உடம்பு. இழப்பதற்கும் அதனிடம் அதிகம் இல்லை.

நீர் இறங்கிற்று. இந்த முறை மெதுவாக இறங்கிற்று. மூன்று தலையணைகள் இரண்டாயின. ஒரு காலை நான் போனபோது முக்காலி கட்டிலுக்கு அடியில் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆசாரியார் ஒரே ஒரு தலையணையில், கூரையைப் பார்த்தபடி, கைகளை இரண்டு பக்கமும் போட்டுப் படுத்திருந்தார். உறக்கம். வாய் திறந்திருந்தது. வெளுத்த உள்ளங்கைகள் மேலே பார்த்திருந்தன. உளி பிடித்த காய்ப்பு இன்னும் போகவில்லை.

சத்தம் போடவேண்டாம் என்று வியாபாரி எனக்குச் சைகை காட்டினார். மனைவி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

அப்படி அவர் உறங்கியது சில இரவுகள். பிறகு மழை வந்தது. வார்டில் எல்லோருக்கும் சளி. அவருக்கும் பிடித்தது, காய்ச்சல் வந்தது. டாக்டர் பென்சிலின் போட்டார். முக்காலி மறுபடியும் மேலே வந்தது. ஒரு மத்தியானம், மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் முக்காலிமேல் சாய்ந்தபடியே போய்விட்டார். அவள் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். வியாபாரிதான் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தார். எனக்கு உரிய தட்டு அன்று என் நிலைப்படியில் ஏற்கனவே வந்திருந்தது. அதை நான் எரிக்கவில்லை. காக்கைக்கு வைத்தேன்.

மழை ஓய்ந்து வயலில் பச்சை நிமிர்ந்திருந்த காலத்தில் அவள் ஒரு முறை வந்தாள். வெள்ளைப் புடவை. நெற்றி வெறுமை. எப்போதும்போல என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். இந்த முறை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கடற்கரை அண்ணன் துட்டி கேக்க வீட்டுக்கு வந்தாரு,” என்றாள். “அவ்வளவு தூரம், இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கிட்டு. வந்து இருந்து அழுதாரு. ‘நா கேலி பண்ணினதுனாலதான் நீ சாம்ப வெள்ளம் ஊத்தினே, அதுனாலதான் ஊசிய நிப்பாட்டினாவோ’ன்னு சொன்னாரு. நா கேட்டேன், ‘என்ன அண்ணே சொல்லுகியோ’ன்னு. அப்பந்தான் எனக்குத் தெரியும்.”

நான் ஆள் அனுப்பி டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார். அவள் எழுந்து நின்றாள். அவரும் நின்றுகொண்டே பேசினார்.

“நெஞ்சு ரொம்ப நாளாவே கெட்டுப்போச்சும்மா. மழைக்காலத்துச் சளியும் சேந்துது. அந்த ஒரு வாரம் இல்லாம இருந்தாலும்...” அங்கேயே நிறுத்திவிட்டார். பிறகு, “ஊசிய நிறுத்துனது நான்,” என்றார்.

“நிறுத்துனது எதுனால?” என்று கேட்டாள். கோபத்தில் கேட்டதாகத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். வார்டிலிருந்து யாரோ கூப்பிட, டாக்டர் போனார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே அளந்தது. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எனக்க சாம்ப வெள்ளத்தாலயா?”

அரிசிக்குள் இருக்கும் உப்பை எரித்துப் பார்த்துச் சொன்னவன் நான். அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அதுதான். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாமல் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் அவர் இருதயத்தில் என்ன குறைந்தது என்று பார்க்க எந்த மூசையும் இல்லை.

“தெரியல்லம்மா,” என்றேன். “அது அளக்கக்கூடியது இல்ல.”

அவள் மேசைமேல் இருந்த மூசையைப் பார்த்தாள்.

“ஆனா நீங்க ஊத்தாம விட்ட பெறவு அவரு மல்லாந்து கெடந்து ஒறங்கினாரு. அத நான் கண்ணால பாத்தேன்.”

“ஒறங்கினாரு,” என்றாள். “கொறட்ட விட்டாரு. ஒரு வருசத்துக்குப் பெறவு அந்தச் சத்தத்த அன்னைக்குத்தான் கேட்டேன்,” என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் இறந்த அன்றுகூட அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

அழுது முடித்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்: “வீட்டுல இப்பம் ஒரு பாத்திரமும் சாம்பல் போட்டுத் தேய்க்கல்ல. கை வரமாட்டேங்கு. எல்லாம் கறுத்துக் கெடக்கு. அக்கம்பக்கத்துல உள்ளவோ, இவ புருசன் போன சடவுல கெடக்கான்னு நெனைக்காவோ.”

“பாத்திரத்துக்குச் சாம்பல் நல்லதும்மா. தேயுங்க. இந்த ஜாடிக்கு மட்டுந்தான் ஆகாது.”

என் மேசைக்குப் பின்னால் அலமாரியில் ஜாடிகள் கவிழ்த்து வைத்திருந்தன. அவற்றைப் பார்த்தாள். “இதுல எது அவருக்கு வச்சது?”

எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் எனக்குத் தெரியும்; ஒன்றின் கழுத்தில் ஒரு சிறு கீறல் உண்டு. அவர் வந்த இரண்டாம் நாள் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்ச காலம் ஓடும்,” என்று சொன்னார். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“வேற ஆளுக்கு வைக்கியளா?”

“ஆமா. வைக்கணுமே.”

“எதுல கழுவுவியோ?”

“வெறும் வெள்ளத்துல. கடைசியில ஒரு தரம் காய்ச்சி வடிச்ச வெள்ளத்துல.”

“வெறும் வெள்ளம் போதுமாயிருந்திருக்கு,” என்றாள்.

ஜாடியின் விளிம்பில் ஒரு சொட்டு நீர் காயாமல் நின்றது. அவள் முந்தானை நுனியால் அதைத் துடைத்தாள். விளிம்பைச் சுற்றி ஒரு முறை, உள்பக்கம் விரல் எட்டும் வரை ஒரு முறை. பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மயிலாடிக்கு இனி எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள். சொன்னேன். போனாள்.

துடைத்த துணி பட்டதால் அந்த ஜாடியை மறுபடியும் கழுவித்தான் எடுக்கவேண்டும். அதுதான் முறை. கழுவினேன். ஆனால் அன்றைக்குக் கழுவவில்லை. அன்று வந்த நோயாளிக்கு வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன்.